போத்தும் கவிகையும்

விதையினின்று முளைப்பது தாய்ச்செடியின் மகவு. கிளையை வெட்டி நட்டு வேர்விடச் செய்தால் எழுவது அத்தாய்ச்செடியேயாம். முன்னதில் இரு செடிகளின் கூறுகள் கலந்து நிற்றலின் மலரின் நிறமும் மணமும் மாறக்கூடும். பின்னதில் அம்மாற்றத்திற்கு இடமில்லை. நூறாண்டுக்கு முன் ஒரு முற்றத்தில் நின்ற கொடி, கைம்மாறிக் கைம்மாறி இன்று நூறு முற்றங்களில் நிற்குமாயின், அவை நூறு கொடிகளல்ல, ஒரு கொடியே என்று உரைப்பினும் பிழையாகாது. நம் நாட்டுக் குண்டுமல்லிகை விதை கட்டுவது மிக அரிது. ஆகலின் நம் மகளிர் சூடும் அம்மல்லிகை ஏறத்தாழ முழுமையும் இவ்வழி வந்ததே. இராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்தைச் சூழ்ந்த மணற்பாங்கான ஊர்களில் மல்லிகைப் பதியன்களை ஆக்கிப் பல மாவட்டங்களுக்கும் அனுப்புதல் ஒரு தனித் தொழிலாகவே நடைபெற்று வருகின்றது.

இவ்வாறு வெட்டி நடும் துண்டத்திற்குத் தமிழ் வழக்கில் ஒரு பொதுப்பெயர் நிலைபெறாமையும், சிறப்புப் பெயர்கள் பலவாதலும் கருதத்தக்கன. முருங்கையாயின் போத்து என்பர்; கரும்பாயின் கரணை என்பர்; ரோஜா, மரவள்ளி முதலியவற்றிற்குக் குச்சி என்பதே வழக்கு. கிளையைத் தாயினின்று பிரிக்காமலே வளைத்து மண்ணிற் புதைத்து, வேர்விட்டபின் அறுத்தெடுப்பது பதியம். நாற்றுப்பண்ணையார் வேர்விட்ட எதனையும் பதியன் என்றே விற்பர். யான் இக்கட்டுரையில் வெட்டிய துண்டம் அனைத்தையும் போத்து என்றே வழங்குகின்றேன். கவிகை என்பது குடைக்குப் பழம்பெயர். போத்தின்மேற் கவிக்கப்படும் கண்ணாடிப் பாத்திரத்தையும் பாலித்தீன் உறையையும் அப்பெயரால் குறிக்கின்றேன். தமிழ் பயில்வோன் செடிநூலுக்குட் புகுந்து பெயரிடத் தொடங்கிவிட்டான் என்று தாவரவியல் மாணவ நண்பர்கள் நகைப்பாராக. இதிற் பெரும்பகுதி அவர்களிடமும், எம் விடுதித் தோட்டக்காரரிடமும் கேட்டறிந்ததே. பிழைகள் மட்டும் என்னுடையன.

யான் இதில் இறங்கிய காரணத்தைச் சொல்லவேண்டும். எம் ஆச்சியின் வீடு நெடுஞ்சாலையை ஒட்டியது. சாலையை அகலப்படுத்துதற்பொருட்டு அவ்வீட்டின் முன்பாதி தைத்திங்களில் இடிக்கப்பெறும் என்று சென்ற ஆண்டு ஆடியில் அறிவிப்பு வந்தது. முற்றத்திற் கிணற்றடியில் நின்ற மல்லிகைக் கொடி, ஆச்சி மணமாகி வந்த ஆண்டில் தம் தாய்வீட்டிலிருந்து ஒரு குச்சியாகக் கொணர்ந்து நட்டது. இத்தனை ஆண்டுகளில் அதன் அடித்தண்டு என் மணிக்கட்டினும் பருத்துக் கிணற்றுச் சுவரின் கற்களுக்கிடையே வேர் பாய்ந்து நின்றது. பெயர்த்தெடுக்க வழியில்லை. ஆச்சி அழவுமில்லை, அறிவிப்பைக் கொணர்ந்தாரை வையவுமில்லை. “ஒரு குச்சி பிழைத்தாற் போதும் ஐயா” என்று மட்டும் என்னிடம் சொன்னார். எனக்கு ஆறு திங்கள் இருந்தன. ஒரு குச்சியை மண்ணிற் குத்தி நீர் ஊற்ற ஆறு திங்கள் எதற்கு என்று எண்ணினேன்.

போத்து ஏன் இறக்கின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். செடிக்கு நீர் புகும் வாயில் வேர். நீர் வெளிச்செல்லும் வாயில் இலை. இலையின் அடிப்புறத்தே கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் எண்ணிறந்தன உள. காற்றிலுள்ள கரிவளியை உணவுக்காக உள்ளே கொள்ளுதற்கு அவை திறந்தாக வேண்டும். திறந்தபோதெல்லாம் உள்ளிருக்கும் நீர் ஆவியாய் வெளியேறும். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இவ்வாறு காற்றிற் கலந்துவிடுவதேயன்றிச் செடியின் உடம்பில் தங்குவதில்லை. கிளையை வெட்டிய நொடியில் வரவு ஏறக்குறைய நின்றுவிடுகின்றது; செலவோ முன்போலவே நிகழ்கின்றது. வெட்டுவாய் சிறிது நீரை உறிஞ்சுமாயினும், நீர்க்குழாய்களிற் காற்று புகுந்தும் பசை அடைத்தும் அவ்வழியும் விரைவில் தூர்ந்துபோம்.

அங்ஙனமாயின் இலைகளை எல்லாம் உருவிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். யானும் தோட்டக்காரரிடம் அவ்வாறே கேட்டேன். மெல்லிய போத்தில் இருப்புணவு மிகக் குறைவு. இலை இல்லையேல் புதுவேரை ஆக்கும் மாப்பொருளைச் சமைப்பார் இல்லை. அன்றியும் வேரை எழுப்பும் ஆக்சின் என்னும் பொருள் இளந்தளிரிலும் மொட்டிலும் பிறந்து கீழ்நோக்கி இறங்குவது. எனவே இலை இருந்தால் போத்து வாடும்; இல்லாவிட்டால் வேர் வாராது. இச்சிக்கலை அவிழ்ப்பதே கவிகையின் தொழில். கவிகை போத்துக்கு ஈரத்தை ஊட்டுவதில்லை. உள்ளிருக்கும் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டபின், இலையினின்று நீர் ஆவியாவதற்குக் காற்றில் இடமில்லாமற் போகின்றது. வரவு இல்லாத வீட்டிற் செலவை நிறுத்திவைப்பதொன்றே அது செய்யும் உதவி. யான் இதனை அறிய இரண்டு திங்களும் இருபத்துநான்கு போத்துகளும் செலவாயின.

நம் முன்னோர்க்குக் கண்ணாடியும் பாலித்தீனும் இல்லை. ஆயினும் அவர் போத்து நட்டனர். முருங்கை, கிளுவை, பூவரசு ஆகியவற்றில் கைபருமனுள்ள கிளையை இலையின்றித் தறித்து மழைக்காலத்திற்கு முன் ஊன்றினர். தடித்த கிளையில் மாப்பொருள் மிகுதியும் சேமித்து வைக்கப்பட்டிருத்தலின் இலை வேண்டுவதில்லை. இலை இல்லாமையாற் செலவும் இல்லை. மேல்வெட்டின்மீது பசுஞ்சாணத்தை அப்பிவைக்கும் வழக்கத்தைச் சிறுவயதில் வேடிக்கையாகப் பார்த்திருக்கின்றேன். வெட்டுவாய்வழி ஈரம் உலர்ந்துபோகாமல் அடைக்கும் மூடி அது என்று இப்போது விளங்குகின்றது.

இலையோடு நடவேண்டிய கொடியாகிய வெற்றிலைக்கு அவர் கண்ட வழி இன்னும் நுட்பமானது. கொடிக்காலில் முதலில் அகத்தியை நெருக்கமாக விதைத்து வளர்ப்பர். அது நிழல் தரும் உயரம் எய்தியபின் அதன் அடியில் வெற்றிலைக் கொடித்துண்டுகளை ஊன்றுவர். இடையே ஓடும் வாய்க்கால்களில் நீர் வற்றவிடார். உச்சிவேளையிற் கொடிக்காலுக்குள் நுழைந்தோர், வெளியே அனல் வீச உள்ளே மூச்சிலே ஈரம் படுவதை உணர்ந்திருப்பர். ஒரு காணி நிலம் முழுமைக்கும் இலையாலேயே ஒரு கவிகை அமைத்தனர் என்றுதான் இதனைச் சொல்லவேண்டும்.

மேனாட்டில் தோட்டக்காரர் மணி வடிவான கண்ணாடிக் கலங்களைச் செடிகளின்மேற் கவிக்கும் வழக்கம் பழையது. பிரெஞ்சு மொழியில் அக்கலத்திற்கு மணி என்றே பெயர். ஆயின் மூடிய கண்ணாடியினுள் ஒரு செடி புதுநீரின்றி நெடுங்காலம் வாழக்கூடும் என்பதை உலகறியச் செய்தவர், இலண்டன் நகரத்து மருத்துவர் நத்தானியேல் பாக்ஷா வார்டு என்பார். 1829இல் அவர் ஒரு விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு சீசாவில் இட்டு மூடிவைத்தார். பூச்சியை நோக்கியிருந்தவர் கண்ணில், மண்ணினின்று ஒரு பெரணியும் ஒரு புல்லும் தலைகாட்டின. இலண்டன் நகரத்துக் கரிப்புகையால் தம் தோட்டத்துப் பெரணிகள் எல்லாம் மடியக் கண்டு வருந்தியிருந்த அவர்க்கு இது பெருவியப்பாயிற்று. பகலிற் கண்ணாடியிற் படிந்த நீர்த்துளி மீண்டும் மண்ணுக்கே இறங்குவதை அவர் கண்டார். 1833இல் இம்முறையில் அடைத்த இரு கண்ணாடிப் பெட்டிகளைக் கப்பலேற்றிச் சிட்னிக்கு அனுப்ப, மாதக்கணக்கான கடற்பயணத்தின்பின் செடிகள் பசுமையோடு கரைசேர்ந்தன. அதற்கு முன்னர்க் கடல்வழி அனுப்பிய செடிகளிற் பெரும்பாலன உப்புக்காற்றாலும் நன்னீர் இன்மையாலும் வழியிலேயே இறந்துபோயின.

இவ்வார்டு பெட்டிக்கும் நம் நீலகிரிக்கும் ஒரு தொடர்புண்டு. மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகிய குயினைன் தரும் சிங்கோனா மரம் தென்னமெரிக்க மலைகளுக்கே உரியது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டுப் பக்கத்திலிருந்து பெட்டிகளில் ஏற்றிக் கொணர்ந்த இளஞ்செடிகள், நெடும்பயணத்தின் வெப்பத்தில் நலிந்து, உதகமண்டலம் சேர்ந்தும் பிழைத்தில. ரிச்சர்டு ஸ்புரூஸ் ஈக்வடாரில் திரட்டிய செம்பட்டைச் சிங்கோனாச் செடிகள் 1861இல் வந்துசேர்ந்தன. உதகை அரசினர் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த மக்கைவர் அவற்றைப் பதியத்தாலும் போத்தாலும் பெருக்கினார். சில ஆண்டுகளில் அவை இலட்சக்கணக்காயின. கவிகை தவறிய இடத்தில் முதற்றொகுதி மாண்டதும், அது வாய்த்த இடத்தில் அடுத்த தொகுதி மலைகளை நிறைத்ததும் எனக்கு ஆறுதல் அளித்தன. என் கணக்கிலும் அப்போது மாண்டவையே இருந்தன.

இனி என் கதைக்கு வருகின்றேன்.

ஆவணியில் முதற் பன்னிரண்டு போத்துகளை ஆச்சி வீட்டிலிருந்து கொணர்ந்தேன். ஈரத்துணியிற் சுற்றிக் கொணர்ந்ததொன்றே அன்று யான் சரியாகச் செய்தது. தோட்டத்து மண்ணில் மாட்டெருவைக் கலந்து தொட்டியில் இட்டு, போத்துகளை நட்டு, பெரியதோர் ஊறுகாய்ச் சாடியைக் கவிழ்த்து, செடிக்கு வெயில் நல்லதன்றோ என்று விடுதி மொட்டைமாடியில் வைத்தேன். மறுநாள் பிற்பகலில் இலைகள் பழுப்பேறிக் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்தன. அன்று நிழலில் வெப்பம் 34 பாகை. இயற்பியற்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய வெப்பமானியைச் சாடியினுள் வைத்தபோது 47 பாகை காட்டிற்று. ஒளி கண்ணாடிவழி உட்புகும். சூடேறிய காற்றுக்கோ வெளியேற வழியில்லை. தோட்டக்காரர் வந்து நோக்கி, “தம்பி, குச்சி நட்டீங்களா, அவியல் வச்சீங்களா?” என்றார்.

கவிகைக்கு ஒளி வேண்டும், நேர்வெயில் ஆகாது. மரநிழலோ, வடக்குநோக்கிய தாழ்வாரமோ பொருந்தும். அவ்விடத்தில் நின்று செய்தித்தாளைக் கண் வருந்தாமற் படிக்க இயலுமாயின் ஒளி போதும் என்பது தோட்டக்காரர் சொன்ன அளவை.

புரட்டாசியில் இரண்டாம் பன்னிரண்டு. வேப்பமர நிழலில் வைத்தேன். வாடிவிடுமோ என்னும் அச்சத்தால் நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றினேன்; ஈரம் போய்விடுமென்று கவிகையை ஒருபோதும் திறந்திலேன். இலைகள் பச்சையாகவே இருந்தன. எட்டு நாள் மகிழ்ந்திருந்தேன். ஒன்பதாம் நாள் ஒன்றைத் தொட்டேன். அடியற்றுக் கையோடு வந்தது. தண்டின் அடி கரிய குழம்பாகி, மண்ணின்மேல் வெண்பஞ்சு போன்ற பூஞ்சணம் படர்ந்திருந்தது. பன்னிரண்டும் அவ்வாறே.

முன்னவை வாடி இறந்தன. பின்னவை அழுகி இறந்தன. போத்து இறக்கும் வழி பெரும்பாலும் இவ்விரண்டே. ஒன்றினின்று தப்பச் செய்யும் செயல் மற்றொன்றினுள் தள்ளிவிடுதலே இக்கலையின் இடர். யான் செய்த பிழையின் வேர் ஒரு சொல்லில் இருந்தது. ‘ஈரம் வேண்டும்’ என்று கேட்டேன். எதற்கு ஈரம் என்று கேட்டிலேன். ஈரமாயிருக்க வேண்டியது காற்று. மண் பதமாயிருந்தாற் போதும். வெட்டுண்ட அடிப்பகுதி காயத்தை ஆற்றிப் புதுத்திசுவை ஆக்கும்போது மிகுதியாக மூச்சு விடுகின்றது; அதற்கு உயிர்வளி வேண்டும். மண்ணின் துளைகளையெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் அவ்வளி கிட்டாமல் திசு நலியும். நலிந்ததைப் பூஞ்சணம் பற்றும். எருவோ அப்பூஞ்சணத்திற்கு விருந்து. வேரே இல்லாத போத்துக்கு எருவால் ஒரு பயனும் இல்லை. உணவை வைத்துவிட்டு வாயைத் தைத்துவிட்டது போன்றது அது.

ஐப்பசியில் மழை தொடங்கியது. மூன்றாம் முறைக்குத் தாய்க்கொடியில் நல்ல கிளை பன்னிரண்டே எஞ்சின. இம்முறை செய்தவற்றைச் சற்று விரித்துக் கூறுகின்றேன். பிறர்க்குப் பயன்படக்கூடிய பகுதி இதுவே.

கிளை முற்றிய மரமாகவும் ஆகாது, வளைத்தாற் குழையும் தளிராகவும் ஆகாது. பச்சைநிறம் சற்றே மங்கி, வளைத்தால் வளைந்து, மேலும் வளைத்தால் முறியும் பருவமே அரைமுற்றல். பூவும் மொட்டும் இல்லாத கிளையைத் தேர்ந்தேன். பூக்கும் கிளை தன் பொருளைப் பூவுக்கே செலவிடும். செடியில் நீர் நிறைந்திருக்கும் விடியற்காலையில் வெட்டினேன். ஒவ்வொன்றும் 12 முதல் 15 சென்டிமீட்டர் நீளம், மூன்று நான்கு கணுக்கள். அடிவெட்டு ஒரு கணுவுக்குச் சற்றே கீழ் அமையவேண்டும். கணுவின் பக்கத்தில் வேர் எளிதில் தோன்றும். அடிவெட்டைச் சாய்வாகவும் மேல்வெட்டை நேராகவும் வெட்டுவது ஓர் அடையாளத்திற்காக. தலைகீழாக நட்டுவிட்டால் போத்து பெரும்பாலும் பிழைக்காது. ஆக்சின் தண்டினுள் நுனியிலிருந்து அடிநோக்கியே செல்லும் இயல்பினது; தலைகீழாக நிறுத்தினும் தன் பழைய திசையை மறவாது. கீழ் இலைகளை நீக்கி, மேலே இரண்டிலையை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாகக் கத்தரித்தேன். கத்தியை எரிசாராயத்தால் துடைத்துக்கொண்டேன்.

இவ்வாக்சின் என்பதைத் தனியே பிரித்தறிய வழிகண்டவர் ஒல்லாந்து நாட்டு வெண்ட் என்பார். 1928இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். 1935இல் அமெரிக்காவில் சிம்மர்மன், வில்காக்சன் என்னும் இருவர், இண்டோல் பியூட்டிரிக் அமிலம் என்னும் பொருள் வேரைத் தூண்டுதலிற் சிறந்தது என்று காட்டினர். இன்று விதைக்கடைகளில் வேரூக்கித் தூள் என்று விற்பதில் பெரும்பாலும் அடங்கியிருப்பது அதுவே. கரைசலாயின், மல்லிகைக்கு ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்னும் அளவில் அடியைச் சில நொடி நனைத்தல் போதும். மிகுதியாயின் நன்மை மிகும் என்று கருதற்க. அளவு மீறினால் அதுவே அடியைக் கருக்கும். செம்பருத்தி, குரோட்டன்ஸ், நந்தியாவட்டை முதலியன இத்தூள் இன்றியே வேர்விடும். புறத்திணையில் நிரைகவர்வோர் சூடிய வெட்சியும், இன்று இட்லிப்பூ என்னும் பெயரோடு, கவிகைக்கு நன்கு இணங்கும்.

மண்ணை முற்றும் விலக்கினேன். கழுவிய ஆற்றுமணல் இரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவைத்தேன். ஒரு பிடி அள்ளிப் பிசைந்தால் உருண்டையாக நிற்கவேண்டும். விரலிடையே நீர் சொட்டலாகாது. அதுவே பதம். அடியில் துளையிட்ட, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குவளைகளில் நட்டேன். வேர் வந்ததைப் பிடுங்கிப் பாராமலே காணலாம். கவிகைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளின் அடியை அறுத்துக் குவளைகளின்மேல் நிறுத்தினேன். புட்டியின் மூடியே சாளரமாயிற்று. ஊறுகாய்ச் சாடியினும் இது நூறு மடங்கு மேலானது.

அதன்பின் செய்யவேண்டிய வேலை பெரும்பாலும் ஒன்றும் செய்யாமலிருத்தலே. இரண்டு நாளைக்கு ஒருமுறை மூடியைத் திருகிச் சில நிமிடம் காற்று மாற்றினேன். உதிர்ந்த இலையை உடனே அகற்றினேன். புட்டியின் உட்சுவரே நமக்குச் செய்தி சொல்லும். காலையில் மெல்லிய பனிபோலப் படிந்து நண்பகலிற் குறையுமாயின் நன்று. எப்போதும் ஓடை ஓடையாக வழிந்தால் நீர் மிகுதி. சற்றுத் திறந்துவைக்க வேண்டும். ஒருபோதும் பனியே படியாவிட்டால் எங்கோ இடுக்கு உளது, அல்லது மணல் காய்ந்துவிட்டது.

பதினைந்தாம் நாள் ஒரு போத்தில் புதுத்தளிர் தோன்றியது. யான் ஆச்சிக்குத் தொலைபேசியிற் சொல்லியும் விட்டேன். தோட்டக்காரரோ, “அதை நம்பாதீங்க தம்பி, பொய்த்தளிர்” என்றார். தண்டிலிருக்கும் இருப்புணவைக் கொண்டே மொட்டு விரியக்கூடும். வேர் இல்லையேல் இருப்புத் தீர்ந்ததும் தளிரோடு தண்டும் மடியும். அவர் சொன்னவாறே அப்போத்து இருபதாம் நாள் இறந்தது. தளிரே காட்டாமல் ஊமைபோல் நின்ற வேறொன்றின் குவளைச் சுவரில், இருபத்தாறாம் நாள், நூல்போன்ற ஒரு வெள்ளை வேர் தெரிந்தது. முப்பத்தெட்டாம் நாளில் பன்னிரண்டில் எட்டு வேர்விட்டிருந்தன.

இவ்விடத்தில் கட்டுரையை முடித்திருப்பேனாயின் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். யான் செய்த பெரும்பிழை இதற்குப் பின்னரே நிகழ்ந்தது.

மார்கழியில் கிறிஸ்து பிறப்பு விடுமுறை நெருங்கியது. வேர்தான் வந்துவிட்டதே, இனிக் கவிகை எதற்கு என்று கருதி, ஊருக்குப் புறப்படும் நாளுக்கு முந்திய இரவில் எட்டுப் புட்டிகளையும் ஒருங்கே எடுத்துவிட்டேன். காலையில் நன்றாயிருந்தன. நண்பகலில், பெட்டியைக் கட்டிவிட்டு விடைபெறப் போனபோது, எட்டும் தலைகவிழ்ந்து கிடந்தன. மணல் ஈரமாகவே இருந்தது. நீர் ஊற்றியும் பயனில்லை. மீண்டும் புட்டிகளைக் கவிழ்த்துவிட்டு இரண்டு நாள் பயணத்தைத் தள்ளிவைத்தேன். மூன்று தலைநிமிர்ந்தன. ஐந்து நிமிரவில்லை.

தாவரவியல் நண்பர் ஒருவர் பின்னர்க் காரணம் விளக்கினார். ஈரம் நிறைந்த காற்றில் வளரும் இலை தன்னைக் காத்துக்கொள்ளப் பழகுவதில்லை. அதன்மேல் மெழுகுப்படலம் மெல்லியதாகவே படியும். நுண்துளைகளும் வறட்சி கண்டவுடன் மூடிக்கொள்ளும் திறனைப் பெற்றிரா. மணலில் தோன்றிய இளவேரோ சில நூலிழைகளேயாதலின் திடீரென எழும் தேவைக்கு ஈடுகொடுக்க மாட்டாது. ஆகவே கவிகையை நீக்குதல் ஒருநாள் வேலையன்று. பத்துப் பதினான்கு நாள் வேலை. முதலிரு நாள் புட்டியின் மூடியை மட்டும் திறந்துவைத்தல். அடுத்து அடியில் ஒரு குச்சியைச் செருகி விரலளவு தூக்கிவைத்தல். பின்னர் மாலைவேளையில் ஒரு மணி நேரம் முழுதும் எடுத்து மீண்டும் கவித்தல். அந்நேரத்தை நாளுக்குநாள் நீட்டுதல். இலை சோர்ந்தால் ஒருநாள் பின்வாங்குதல். எஞ்சிய மூன்றையும் தோட்டக்காரர் இவ்வாறே பதினாறு நாளில் வெளிக்காற்றுக்குப் பழக்கினார். யான் விடுமுறையில் இருந்தேன். இதனை என் வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை குறைவு.

வால்பாறையிலும் நீலகிரியிலும் இலங்கைத் தலவாக்கலையிலும் தேயிலை நாற்றுமேடைகளைக் கண்டோர்க்கு இம்முறை புதிதன்று. ஓரிலையும் ஒரு கணுவும் உடைய சிறு போத்துகளைப் பாலித்தீன் பைகளில் நட்டு, மூங்கில் வளையங்களின்மேற் பாலித்தீனைப் போர்த்தி, மேலே பந்தலிட்டு வேர்விடச் செய்தபின், போர்வையைச் சிறிது சிறிதாகவே விலக்குவர். அங்கே அப்பொறுமையைப் பெரும்பாலும் கடைப்பிடிப்போர் நம் தமிழ் உழைப்பாளர்களே.

எல்லாவற்றிற்கும் கவிகை நன்று என்று கொள்ளலாகாது. கள்ளி, கற்றாழை முதலிய சாறு நிறைந்தவற்றைக் கவிகையிலிட்டால் அழுகல் உறுதி. அவற்றின் வெட்டுவாயைச் சில நாள் நிழலில் உலர்த்தியே நடவேண்டும். தென்னை, பனை ஆகியவற்றைத் துண்டித்து நட்டு வளர்த்தார் எவருமில்லை. தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும், அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் பகுத்தது நாம் அறிந்ததே. தென்னையும் பனையும் அப்பகுப்பிற் புல்லின் பாற்படும். அகக்காழுடைய மரங்களில் பட்டைக்கும் வயிரத்துக்கும் இடையே ஓயாது திசுவைப் பிறப்பிக்கும் ஒரு மெல்லிய வளையம் உண்டு. போத்தின் புதுவேர் பெரும்பாலும் அதன் அயலிலேயே எழுகின்றது. புறக்காழனவற்றில் அவ்வளையம் இல்லை. ஆயின் கரும்பும் புறக்காழினதே, கரணையில் வேர்விடுகின்றதே என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். கரும்பின் கணுதோறும் வேருக்குரிய முளைகள் முன்னரே புள்ளி புள்ளியாக அமைந்து காத்திருக்கின்றன. அவை புதிதாகப் பிறக்கவேண்டுவதில்லை. தோல் உரிக்குமுன் ஒரு கணுவை உற்றுநோக்கினால் அப்புள்ளிகளை எவரும் காணலாம்.

தைத்திங்கள் இரண்டாம் வாரத்தில் ஆச்சி வீட்டின் முன்பாதி இடிக்கப்பெற்றது. கிணறும் தூர்க்கப்பட்டது. தாய்க்கொடியை வெட்டிய அன்று யான் அங்கில்லை. ஆச்சி கொல்லைப்புறத்தில் இருந்தார் என்று சித்தி சொன்னார். மூன்றில் ஒன்றைச் சித்தி தம் வீட்டிற்குக் கொண்டுபோனார். ஒன்று ஆச்சியின் கொல்லையில், துணிதுவைக்கும் கல்லுக்கு அருகே நிற்கின்றது. சித்திரையில் அதில் இரண்டு மொட்டுகள் வந்தன. முதலாண்டில் மொட்டைக் கிள்ளிவிட்டாற் கொடி வலுப்பெறும் என்பது முறை. யானும் அவ்வாறே சொல்லியனுப்பினேன். ஆச்சி கிள்ளவில்லை.

மூன்றாவது எம் விடுதியின் பின்புறத்தில், குழாயடிக்குக் கிழக்கே, இப்போது என் இடுப்பளவு வளர்ந்துள்ளது. ஐப்பசியில் முதல்மழை பெய்தபின் அதில் நான்கைந்து போத்து எடுக்கலாம் என்று தோட்டக்காரர் இசைந்திருக்கின்றார். வேண்டுவோர் விடியற்காலையில் வருக. புட்டியை அவரவரே கொணர்க.